ஓர் அரிசிச் சாக்கும் என் ரசனையும்

தஞ்சாவூருக்கு ரசனை கிடையாது, அதைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று நான் உண்மையாகவே நம்பினேன். யார் ஒப்படைத்தார்கள் என்று கேட்கக் கூடாது. நடுவயதில் ஒருவனுக்கு இப்படி ஒரு நம்பிக்கை வந்துவிட்டால் மருந்து கிடையாது. சிலர் ஆன்மிகத்துக்குப் போவார்கள். நான் ஸ்டுடியோவைப் பெரிதாக்கினேன்.

அதுவரை நான் செய்துகொண்டிருந்தது கண்ணியமான தொழில். மருந்துக் கடை மாடியில் ஓர் அறை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர், கடைத் திறப்பு நோட்டீஸ். பேனரில் தாய்மாமன் படம் மற்றவர்கள் படத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அவர் செல்போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டும். விதி அவ்வளவுதான். யாரிடம் பேசுகிறார் என்று எந்தத் தாய்மாமனும் இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம்தான் பெருநகரத்து ஸ்டுடியோக்களின் வேலைகளை இணையத்தில் பார்க்கத் தொடங்கினேன். ஒரு சோப்பு டப்பாவின் மூலையில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு மிச்சத்தை வெள்ளையாக விட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஆயிரம் பேர் கைதட்டியிருந்தார்கள். ஆக, வெள்ளைதான் நாகரிகம். மறுநாளே பேனர் வேலையை நிறுத்தினேன். பக்கத்து அறையையும் வாடகைக்கு எடுத்து நடுச்சுவரை இடித்தேன். அம்மாப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சென்னையில் டிசைன் படித்து, ஊரோடு இருக்கலாம் என்று திரும்பி வந்திருந்த ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்த்தேன். பெயர்ப் பலகையை மாற்றிக் ‘கிரியேட்டிவ் ஸ்டுடியோ’ என்று எழுதினேன். அதன் பிறகு படியேறி வந்தவர்கள் இரண்டு வகை. ஸ்டுடியோ என்றதும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்டு வந்தவர்கள் ஒரு வகை. கீழே மருந்துக் கடை ஏன் பூட்டியிருக்கிறது என்று விசாரிக்க வந்தவர்கள் இன்னொரு வகை.

என் மனைவியின் தம்பி பைபாஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் கட்டி வைத்திருக்கிறான். வாரம் ஒரு தடவை போன் செய்வான். “மச்சான், மேனேஜர் சீட்டு காலியாத்தான் இருக்கு. நீங்க வருவீங்கன்னு ஃபேனுக்கு நேர் கீழயே போட்டிருக்கேன்.” பாசமாகத்தான் சொல்வான். ஆனால் பந்தியில் அப்பளம் வரவில்லை என்று சம்பந்தி முறைப்பதைச் சமாளிக்கும் வேலை அது. ஸ்டுடியோ நிற்கவில்லை என்றால் நான் அந்த ஃபேனுக்குக் கீழேதான் போய் உட்கார வேண்டும். அந்தப் பெண்ணும் மறுபடி சென்னைக்கு ரயில் ஏற வேண்டும்.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையில் அரிசி மில்லுக்காரர் படியேறி வந்தார். பாபநாசம் பக்கம் மில். அப்பா காலத்திலிருந்து அவர்களுடைய சாக்கில் ஒரு சிவப்பு ரோஜா.

“ரோஜா அது பாட்டுக்கு ஓடட்டும் தம்பி. புதுசா ஒரு ரகம் எறக்கப் போறேன். கும்பகோணம் கடைங்களுக்கு. அதுக்கு ஒரு சாக்கு போட்டுக் குடுங்க. இது நல்லாப் போச்சுன்னா மில்லோட மொத்த வேலையும் உங்ககிட்டதான்.”

அந்த ஒரு சாக்கில்தான் ஸ்டுடியோ நின்றது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அரிசியைப் பெயர் சொல்லி யாரும் வாங்குவதில்லை. படம் சொல்லித்தான் வாங்குவோம். “ரோஜா ஒரு சிப்பம்”, “கிளி ரெண்டு சிப்பம்”, “மான் இருக்கா, தீந்துருச்சா?” சிப்பம் என்றால் கடையில் அடுக்கி வைத்திருக்கும் அரிசி மூட்டை. சாக்கின் மேல் இருக்கும் எழுத்தையெல்லாம் மில்லுக்காரரும் அதிகாரிகளும் படித்தால் சரி. என் வீட்டிலேயே பத்து வருஷமாகக் கிளிதான். அந்த மில்லின் பெயர் என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இதெல்லாம் தெரிந்தும், இது ஜனங்களின் பழக்கம் என்று எனக்குப் படவில்லை. வியாதி என்றுதான் பட்டது. வைத்தியர் வந்துவிட்டார் அல்லவா.

அந்தப் பெண் முதலில் ஒரு நெற்கதிரை வரைந்தாள். தண்டு, தோகை, மணி எல்லாம் வைத்து அழகாகவே இருந்தது. நான் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, “இன்னும் கொறைங்கம்மா” என்றேன். தண்டை எடுத்தாள். “இன்னும்.” மணிகளைச் சின்னச் சின்னக் கோடுகளாக்கினாள். “இன்னும்.” தோகையில் மேலே நீண்ட இரண்டை மட்டும் விட்டு மிச்சத்தை எடுத்தாள்.

“சார், இதுக்கு மேல எடுத்தா வெறும் சாக்குதாங்க இருக்கும்.”

“அந்த எடத்துக்கு ஒரு அடி முன்னாடி நிக்கிறதுதாம்மா டிசைன்” என்றேன். இந்த வாசகம் அப்போதே எனக்குள் உருவானது. அதை எழுதிச் சுவரில் மாட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

நிறத்தில் நான் இன்னும் உயரத்துக்குப் போனேன். பச்சை வேண்டாம், எல்லோரும் பச்சை. விடியற்காலை வெயில் பட்ட கதிரின் நிறம் வேண்டும் என்றேன். தேடித் தேடி, சிவப்பும் இல்லாமல் ஆரஞ்சும் இல்லாமல் வெந்தது போன்ற ஒரு நிறத்தைப் பிடித்தோம். வெள்ளைச் சாக்கின் நடுவில், தலை கவிழ்ந்து வளைந்து நிற்கும் ஒற்றைக் கதிர். எனக்குக் கண் கலங்கியது.

மில்லுக்காரர் வெகுநேரம் பார்த்தார். “இது என்ன தம்பி?”

“கதிருங்க. வெளைஞ்ச கதிர் குனியும்ல.”

“கலரு?”

“விடியக்காலைல வயல்ல போய்ப் பாத்தா இந்தக் கலர்ல இருக்கும்ங்க.”

“நான் விடியக்காலைல வயலுக்குப் போயி ரொம்ப நாளாச்சு” என்று ஒத்துக்கொண்டார். நானும் போனதில்லை. அதைச் சொல்லவில்லை.

சாக்கு அச்சாகி, அரிசி நிரம்பி, கும்பகோணம் போய்ச் சேர்ந்தது. என் படைப்பை நேரில் தரிசிக்க நானும் பஸ் ஏறினேன். முதலில் ஒரு காபி. பிறகு கடைத்தெருவில் ஒரு மொத்த அரிசிக் கடை. ரோஜா, கிளி, மான், கன்னம் உப்பிய குழந்தை என்ற சந்தைக்கடைக்கு நடுவே என் வெள்ளைச் சாக்குகள் ஒரு சுவர் முழுக்கத் தவம் செய்துகொண்டிருந்தன. வாசலில் நின்று ரசித்தேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் கடைக்காரரைக் கேட்டார்.

“ஏங்க, தீவனம் எல்லாம் எப்பலேர்ந்து போட ஆரம்பிச்சீங்க?”

“தீவனம் இல்லீங்கம்மா, அரிசிதான்.”

“அப்பறம் எதுக்கு எறா படம் போட்டிருக்கு?”

நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். வளைந்த முதுகு. உள்பக்கம் வரிசையாகச் சின்னக் கால்கள். தலையில் இரண்டு நீண்ட மீசை. வெந்த நிறம். அந்தச் சுவர் முழுக்க, மசாலாவுக்குக் காத்திருப்பதுபோல, நூற்றுக்கணக்கான இறால்கள். சீர்காழி தாண்டிக் கடலோரம் போனால் இறால் பண்ணை வாசல்களில் இதே வெள்ளைச் சாக்கில் இதே இறாலைப் போட்டுத்தான் தீவனம் அடுக்கியிருப்பார்கள். எத்தனையோ முறை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். கதிரை மறுபடி பார்க்க முயன்றேன். அது போயே போய்விட்டது.

அந்த அம்மாள் கிளியை வாங்கிக்கொண்டு போனார். கடைக்காரர் என்னிடம் முறையிட ஆரம்பித்தார். “காலையிலேர்ந்து இதே கேள்விதாங்க. கல்யாணச் சமையல்காரர் ஒருத்தர், மூட்டை மூட்டையா எடுக்குறவரு, பாத்துட்டு ஓடிட்டாரு. சைவக் கல்யாணத்துல எறா மூட்டைய எறக்குனா பொண்ணு வீட்டுக்காரன் என்னைத் தூக்கிக் காவேரியில போட்ருவான்னுட்டாரு. நீங்களே சொல்லுங்க, இது என்ன?”

“எறாதாங்க” என்றேன்.

“இத வரைஞ்சவன் எப்படிப்பட்ட ஆளா இருப்பான்?”

“அரைகொறையாத்தான் இருப்பான்.”

“குடிச்சிட்டு வரைஞ்சிருப்பான்.”

“அதுக்கும் வாய்ப்பு இருக்குங்க.”

“சாரு என்ன பண்றீங்க?”

“கல்யாண மண்டபத்துல மேனேஜரா இருக்கேன்.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போங்களேன், வெலய கொறைச்சுத் தர்றேன்.”

“எங்க மண்டபம் சைவம்ங்க” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தும் காற்று வரவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

“ஏம்மா, நம்ம சாக்கு படத்தை எடுத்துப் பாருங்க. என்ன தெரியுது?”

மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. “சார்… எறாங்க.”

“எப்பலேர்ந்து தெரியுது?”

“நீங்க கேட்டீங்கள்ல, அப்பலேர்ந்து. இப்ப மூஞ்சியெல்லாம் தெரியுது சார்.”

வீட்டில் மனைவி டீச்சர். அறிவியல் பாடம் நடத்துபவள். மாதிரிக்கு அச்சடித்த சாக்கு ஒன்று எங்கள் வீட்டில் ஒரு மாதமாகச் சுவரில் மாட்டியிருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன்.

“எறாதானே?” என்றாள், தக்காளி நறுக்கிக்கொண்டே.

“இத்தனை நாளா ஏன் சொல்லல?”

“மில்லுக்காரரு எறா பண்ணையும் வச்சிருப்பாரு போலன்னு நெனச்சேன். நீங்களும் அதைப் பாத்துப் பாத்துக் கண் கலங்குனீங்க. என்னத்த கேக்குறது?”

அடுத்து வந்த நாட்களில் நான் நடந்துகொண்ட விதம் எந்தத் தொழில் முனைவோருக்கும் முன்னுதாரணமாகக் கூடாது. கும்பகோணத்திலிருந்து மூட்டைகள் திரும்பி மில்லுக்கே வந்துவிட்டன என்று லாரி டிரைவர் ஒருவர் மூலம் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து மில்லுக்காரர் போன் செய்யத் தொடங்கினார். நான் எடுக்கவில்லை. செல்போன் அதிர்ந்தால் அதைத் தலையணைக்குக் கீழே வைத்து மேலே உட்கார்ந்தேன். வெள்ளைச் சட்டையில் யார் தெருவில் வந்தாலும் மருந்துக் கடைக்குள் புகுந்தேன். ஒவ்வொரு முறையும் சும்மா நிற்க முடியாமல் ஏதாவது வாங்கினேன். எங்கள் வீட்டில் ஒரு கிராமத்துக்குப் போதுமான இருமல் மருந்து சேர்ந்தது. மனப்பாடமாக ஒரு விளக்கமும் தயார் செய்தேன். அதில் கதிர், காவிரி, சோழர் காலம் எல்லாம் வரும். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே பசித்தது. கடைசியில் மச்சினனுக்கு நானே போன் செய்து, அந்த நாற்காலிக்குச் சாய்வு உண்டா என்று விசாரித்தேன். “உங்களுக்காகப் புதுசே வாங்கிடுறேன் மச்சான்” என்றான். அந்த அன்பைத் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் ஸ்டுடியோ போன் அடித்தது. அந்தப் பெண் எடுத்தாள். “சார், மில்லுக்காரருங்க.”

“நான் ஊர்ல இல்ல, பூம்புகார் போயிருக்கேன்னு சொல்லுங்க” என்றேன்.

“ஸ்பீக்கர்ல இருக்காருங்க சார்.”

போனிலிருந்து குரல் வந்தது. “பூம்புகார்லயே இருங்க தம்பி. நான் கீழ மருந்துக் கடையிலதான் நிக்கிறேன். மேல வர்றேன்.”

வந்தார். உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். நான் எழுந்து நின்று ஆரம்பித்தேன். “ஐயா, சோழர் காலத்துலேர்ந்தே குனிஞ்ச கதிருங்கறது…”

“அது கெடக்கட்டும். கண்ணு எங்க?”

“எந்தக் கண்ணுங்க?”

“எறாவுக்குக் கண்ணு வேணாமா? எத்தனை தடவை போன் பண்றது? எடுக்கவே மாட்டேங்கிறீங்க.”

விஷயம் இதுதான். கும்பகோணத்திலிருந்து திரும்பி வந்த மூட்டைகளை அவர் கடலோர வியாபாரி ஒருவரிடம் தள்ளிவிட்டிருக்கிறார். அங்கே மீனவர் தெருக்களில் ஒருவர் வாங்கி, பக்கத்து வீட்டில் சொல்லி, “எறா சாக்கு அரிசி இருக்கா?” என்று கேட்டுக் கேட்டே மொத்தமும் போய்விட்டது. வியாபாரி மறுபடி கேட்கிறார். ஒரே ஒரு குறை: கண் இல்லாததால் இறால் செத்தது மாதிரி இருக்கிறது என்று அங்கே சொல்கிறார்களாம். செத்துக் கிடந்ததையெல்லாம் வாங்க மாட்டார்கள், அதில் கறாரானவர்கள்.

“சோறு எப்படி இருக்காம்ங்க?” என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே.

“சோறு நல்லாத்தான் இருக்கும். அரிசி நம்மளுதுல்ல” என்றார். “கும்பகோணத்துக்கு ஒரு மயில் போட்டுக் குடுத்துடுங்க. தோகையோட, முழுசா. ஒண்ணையும் எடுத்துடாதீங்க.”

அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து கண் வைத்தாள். கறுப்பாக, உருண்டையாக, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியோடு. மீசையையும் கொஞ்சம் நீட்டச் சொன்னார், நீட்டினாள். கும்பகோணத்துக்கு மயில் போட்டோம். மில்லின் ரோஜாச் சாக்கு வேலையும் எங்களிடம் வந்தது, ரோஜாவில் ஓர் இதழைக்கூட நாங்கள் தொடவில்லை. இறால் சாக்கு கடலோரத்தில் இன்றைக்கும் விற்கிறது. ஸ்டுடியோ அதே மாடியில்தான் இருக்கிறது.