டேட்டா அக்கா மவுஸை விட்ட கதை

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் முதல் மாடியில், படி ஏறியதும் இடப்பக்கம் இருப்பது என் மேசை. புத்தகம் கொடுப்பது, திரும்ப வாங்குவது, தாமதமாகக் கொண்டுவருகிறவனை முறைப்பது, இவ்வளவுதான் என் உத்தியோகம். கொடுக்கல் வாங்கலை இப்போது ஒரு மெஷின் பார்த்துக்கொள்கிறது. முறைப்பதற்கு இன்னும் மெஷின் வராததால் என் பிழைப்பு ஓடுகிறது.

எனக்கு நேர் எதிரே ‘ஆய்வு உதவி’ என்று பலகை வைத்த மேசை. அதில் இருப்பவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எனக்குத் தங்கை முறை. முறையை நானாகவே வைத்துக்கொண்டேன். அதனால் மரியாதை குறைவதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவள் இவள் என்றுதான் எழுதுவேன். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் டேட்டா அக்கா.

மார்க்கெட்டிங் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பருவமும் ஒரு புராஜெக்ட் உண்டு. ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதை யார் வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள், எந்தக் கம்பெனி சந்தையில் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எழுத வேண்டும். இது இணையத்தில் சும்மா கிடைக்காது. சும்மா கிடைப்பதை எவனாவது குளிக்கும்போது யோசித்து எழுதியிருப்பான். ஊர் ஊராக சர்வே எடுத்து, அறிக்கையாக்கி, சந்தாவுக்குக் கொடுக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. அப்படி ஒரு தரவுத்தளத்தை எங்கள் நூலகம் வாங்கி வைத்திருந்தது. அதற்குள் நுழைந்து வேண்டியதை எடுத்து வருவதில் டேட்டா அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒருமுறை ஒரு பையன் நாய் பிஸ்கட்டைப் பற்றிப் புராஜெக்ட் என்று வந்து நின்றான்.

“யாரு உன் கஸ்டமர்?” என்றாள்.

“நாய்தான்க்கா.”

“நாய் கடைக்குப் போய் காசு குடுக்குமா?”

பையன் உண்மையிலேயே யோசித்தான். அதுதான் அவளால் தாங்க முடியாதது. யோசிக்கிற முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. “தள்ளு” என்று மவுஸை வாங்கிக்கொண்டாள். வளர்ப்பு நாய் வைத்திருக்கும் குடும்பங்கள், அவர்களுடைய வருமானம், வயது, எங்கே வாங்குகிறார்கள் என்று அவன் மூக்கைச் சொறிந்து முடிப்பதற்குள் எல்லாம் பிரிண்டரில் வந்து விழுந்தன. “கிடைச்சிருச்சு!” என்று அவளே கத்தினாள். பையன் “தெய்வமே” என்றான். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வீட்டிலும் இதே கதைதான். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக், வாயில்லாப் பூச்சி. பள்ளிக்கூடத்தில் கொடுத்த எரிமலை மாதிரியை மகள் செய்ய ஆரம்பித்தால், பசையை வாங்கி எரிமலையை இவள் முடித்து வைப்பாள். மகள் ஒருநாள் அழுதேவிட்டாளாம். “அம்மா, இது என் ஹோம்வொர்க்கும்மா!” புருஷன் இதை என்னிடம் சொல்லிவிட்டு, “நான் சொன்னேன்னு சொல்லாதீங்க” என்றும் சொன்னார். நான் மறுநாளே சொல்லிவிட்டேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவள் சர்வே எடுக்கிற கம்பெனியில் இருந்தவள். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, “எந்தப் பற்பசை உபயோகிக்கிறீங்க?” என்று கேட்கிற வேலை. முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துவார்கள். கூட வந்தவர்கள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, எல்லா வீட்டுப் பதிலையும் தாங்களே எழுதிவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடுவார்களாம். இவள் மட்டும் மாடி மாடியாக ஏறியிருக்கிறாள். “ஒவ்வொரு நம்பருக்குப் பின்னாடியும் கதவைத் திறந்த ஒரு ஆள் இருக்கணும்ணே. இல்லேன்னா அது நம்பர் இல்ல, கிறுக்கல்” என்பாள். இந்த விஷயத்தில் அவளோடு விளையாட முடியாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் கல் விழுந்தது. தரவுத்தளக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். உங்கள் பல்கலைக்கழகத்தில் எங்கள் சேவையை ஒரே ஒரு கணக்கு மட்டுமே பயன்படுத்துகிறது, அதுவும் ஓய்வே இல்லாமல் பயன்படுத்துகிறது, அது மனிதர்தானா அல்லது ஏதாவது மென்பொருளை ஏவி விட்டிருக்கிறீர்களா என்று பணிவாகக் கேட்டிருந்தார்கள்.

நான் சிரித்த சிரிப்பில் வாசிப்பறையே திரும்பிப் பார்த்தது. டேட்டா அக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொரு மாணவரும் தன் பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொண்டு தனக்கென்று ஒரு கணக்கு தொடங்கிக்கொள்ளலாம், இலவசம். ஒரு பிள்ளையும் தொடங்கியிருக்கவில்லை. எதற்குத் தொடங்க வேண்டும்? மாடி ஏறி வந்தால் அக்கா தன் கணக்கிலேயே எல்லாவற்றையும் தேடிக் கொடுத்துவிடுகிறாளே! வந்து போன அத்தனை பிள்ளைகளும் கம்பெனியின் கண்ணுக்கு ஒரே ஆள். அந்த ஆளும் ரோபோ.

கடிதத்தின் நகல் நிதி அதிகாரிக்குப் போனது. செலவு என்று எழுதியிருந்தால் வெட்டுகிறவர் என்பதால் அவருக்குக் கத்திரி சார் என்று பெயர். ஒரே ஒருவர் உபயோகிக்கிற பொருளுக்குச் சந்தா எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி, அதனால்தான் எரிச்சலாக இருந்தது. தரவுத்தளத்தை நிறுத்துவது, அது போனால் ஆய்வு உதவி மேசையும் போவது, டேட்டா அக்கா அடித்தளத்தில் பழைய சஞ்சிகைகளுக்கு அட்டை போடும் பிரிவுக்குப் போவது என்று முடிவானது. எங்கள் தலைமை நூலகர், கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்கிற மனிதர். கத்திரி சார் கடைசியாகப் பேசியிருந்தார். நல்லவேளையாக டேட்டா அக்கா அவருக்கும் பின்னால் போய்ப் பேசினாள். இந்தப் பருவம் முடியும்வரை பார்ப்போம், பிள்ளைகள் தாங்களே உபயோகித்தால் மேசை இருக்கட்டும் என்று பாதி மனதோடு ஒப்புக்கொண்டார்கள்.

அன்று மதியம் கேன்டீனில் அவள் சாப்பிடவில்லை.

“அட்டை போடறதும் வேலைதானே” என்றேன், ஆறுதலாக.

“அங்க யாரு வருவா?” என்றாள். “யாருமே எதுவுமே கேக்க மாட்டாங்கண்ணே. நான் செத்துப் போயிடுவேன்.”

அவள் மிகைப்படுத்துகிற பேர்வழி அல்ல.

உடனே நான் ஒரு வழி சொன்னேன். எனக்குச் சொந்தக்காரர்கள் ஏராளம். இரண்டு பேர் இங்கேயே தோட்ட வேலை பார்க்கிறார்கள், மச்சினன் காவலுக்கு நிற்கிறான், எல்லோருக்கும் பல்கலைக்கழக மின்னஞ்சல் உண்டு. ஆளுக்கொரு கணக்கு தொடங்கி, சாப்பாட்டு நேரத்தில் வந்து நாலு தட்டு தட்டிவிட்டுப் போனால் கூட்டம் கூடிவிடும். கத்திரி சார் வாயடைத்துப் போவார்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தாமதப் புத்தகக்காரர்களை நான்கூட அப்படி முறைத்ததில்லை.

“பெஞ்சுல உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டவங்களுக்கும் உங்களுக்கும் என்னண்ணே வித்தியாசம்?”

“நான் ஐஸ்கிரீம் கேக்கலையே.”

“பேசாதீங்க!”

ஒரு வாரம் பேசவில்லை. எனக்குத்தான் நஷ்டம். எதிர் மேசையோடு வம்பு இல்லாவிட்டால் அந்த மாடியில் பொழுது போகாது.

அடுத்து ஆரம்பித்தது கண்கொள்ளாக் காட்சி. இனி மவுஸைத் தொடுவதில்லை என்று அவள் தீர்மானித்துவிட்டாள். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த நாற்காலியைத் தூக்கி கணினி முன்னால் போட்டு, வருகிற பிள்ளையை அதில் உட்காரவைத்து, தான் பக்கத்தில் நின்றாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. பரிமாற வேண்டியவள் கரண்டியை நீட்டினால் விழிப்பார்களே, அப்படி விழித்தார்கள்.

“நீயே தேடு.”

“நீங்க தேடினா டக்குன்னு வந்துடும்க்கா.”

“டக்குன்னு வர வேண்டாம். நீயே தேடு.”

தேடினார்கள். கடவுளே, என்னென்ன தேடினார்கள்! தேடல் பெட்டிக்குள் பொருளின் பெயரையும் வயதையும் ஊரையும் போடச் சொன்னால், சித்தப்பாவிடம் பேசுகிற மாதிரி “இந்த ஷாம்புவை யாராவது வாங்குவாங்களா” என்று அடித்தார்கள். குழந்தைகளுக்கான டயப்பரைப் பற்றித் தேடிய ஒருவன் முதியோர் டயப்பர் சந்தை முழுவதையும் இறக்கிவிட்டு, “குழந்தைங்க இவ்ளோ வயசானவங்களாக்கா?” என்றான். டேட்டா அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு அதுவும் போதாமல் குடிதண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பாட்டில் நசுங்கிப் போனது. பாதி நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்று மரத்தைப் பார்த்து முணுமுணுத்தாள். மரத்துக்கு நல்ல திட்டு.

சில பிள்ளைகள் கோபித்துக்கொண்டு வராமலே போனார்கள். அக்கா மாறிட்டாங்க, திமிர் வந்துடுச்சு என்று படிக்கட்டில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழுந்திருக்கும். ஆனாலும் கணக்குகள் ஒவ்வொன்றாகத் தொடங்கப்பட்டன. பருவம் முடிகிற நேரத்தில் ஓரளவுக்குக் கூட்டம் சேர்ந்திருந்தது.

இங்கேதான் வம்பு. எண்ணிக்கை திடீரென்று ஏறியதைப் பார்த்த கத்திரி சாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மேசையைக் காப்பாற்ற இந்த அம்மாவே ஆட்களை உருவாக்கியிருப்பாள் என்று நினைத்தார். பொய்க் கணக்கு வேண்டாம் என்று என்னோடு சண்டை போட்டவள்மேல் அந்தச் சந்தேகம்! அவர் ஒருநாள் காலையில் முன்னறிவிப்பு இல்லாமல் மாடி ஏறி வந்தார். கோட்டு, டை, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் கறுப்பு ஷூ.

“இன்னிக்கு நான் இங்கதான் உக்காரப் போறேன். யார் தேடறாங்கன்னு பாக்கணும். நீங்க பக்கத்துல வராதீங்க” என்று டேட்டா அக்காவிடம் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு என் மேசை ஓரம் வந்து நின்றாள்.

அந்த நேரம் பார்த்து வந்தவள் ஒரு ஒல்லிப் பெண். அவளுடைய மாமா ஷூ பாலிஷ் தயாரிக்கிறாராம், வியாபாரம் படுத்துவிட்டதாம், ஏன் படுத்தது என்பதுதான் புராஜெக்ட். கணினி முன்னால் உட்கார்ந்து, “எங்க மாமா பாலிஷ் ஏன் விக்க மாட்டேங்குது” என்று அப்படியே அடித்தாள். ஒன்றும் வரவில்லை. டேட்டா அக்கா என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஏம்மா, இப்படிக் கேட்டா எப்படி வரும்?” என்றது ஒரு குரல். கத்திரி சார்.

“தெரியல சார்.”

“பாலிஷ் ஏன் விக்காது? நான் தினமும் போடறேனே! கறுப்பு பாலிஷ்னு போடு. இல்ல, அங்க இல்ல, மேல. மேல! சரி, தள்ளு.”

மவுஸ் அவர் கைக்குப் போய்விட்டது. கறுப்பு பாலிஷ், பழுப்பு பாலிஷ், திரவ பாலிஷ், டப்பா பாலிஷ், பிரஷ் என்று மனிதர் உள்ளே இறங்கிவிட்டார். டை ஒரு பக்கமாகப் போனது. “இரு, இரு, இப்போ வந்துடும்” என்றார். அந்தப் பெண் நாற்காலியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, தன் கைபேசியை எடுத்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள்.

டேட்டா அக்கா நடந்து போனாள். பக்கத்தில் வரக்கூடாது என்று சொல்லியிருந்ததை நினைவுபடுத்த நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். மேசையே போனாலும் போகட்டும் என்று அவள் போனது எனக்குத் தெரிந்தது.

“சார், மவுஸை அவகிட்ட குடுத்துடுங்க.”

“ஒரு நிமிஷம்மா, கிட்டத்தட்ட வந்துடுச்சு.”

“எனக்கும் அப்படித்தான் சார் இருந்தது. ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட வந்துடும். அதனாலதான் நீங்க பாத்த கடிதத்துல நான் ஒரே ஆளா இருந்தேன்.”

கத்திரி சார் மவுஸைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார். அந்தப் பெண் கைபேசியைக் கீழே வைத்தாள்.

அந்தப் பெண் இரண்டு தடவை தப்பாகத் தேடினாள். கத்திரி சார் வாயைத் திறந்தார், டேட்டா அக்கா விரலை உயர்த்தினாள், மூடிக்கொண்டார். அப்புறம் அந்தப் பெண் குனிந்தாள். மேசைக்கடியில் தன் காலைப் பார்த்தாள். கேன்வாஸ். பக்கத்து மேசைக் கால்களைப் பார்த்தாள். எழுந்து நின்று வாசிப்பறையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். கேன்வாஸ், ரப்பர், ஓட்டப் பந்தயத்துக்குப் போடுவது. உட்கார்ந்து, பாலிஷை அழித்துவிட்டு, காலணி என்று போட்டாள். வகை, வயது, வருடம். திரையில் இரண்டு கோடுகள் வந்தன. தோல் ஷூ இறங்கிக்கொண்டே போனது, கேன்வாஸ் ஏறிக்கொண்டே போனது.

“கிடைச்சிருச்சு!” என்று கத்தினாள். “இந்த ரூம்ல பாலிஷ் போடற ஷூ சார் கால்ல மட்டும்தான் இருக்கு! மாமா பாலிஷ விட்டுட்டு கேன்வாஸ் கழுவற பவுடர் பண்ணணும்!”

நூலகத்தில் கத்தக்கூடாது என்று முறைக்க வேண்டியவன் நான். முறைக்க மறந்துபோனேன்.

கத்திரி சார் எழுந்தார், டையைச் சரி செய்தார். “சந்தா தொடரட்டும், மேசையும் இருக்கட்டும்” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். நான் கைதட்டப் போனேன். டேட்டா அக்கா என் மேசைக்கு வந்து முதுகைக் காட்டி நின்றாள். அழுகிறாள்.

“ஜெயிச்சுட்டோம்ல, அப்புறம் என்ன?” என்றேன்.

“அவ கிடைச்சிருச்சுன்னு கத்தினா பாருங்கண்ணே” என்றாள். “இத்தனை வருஷமா இங்க வந்த ஒரு பிள்ளைகூட அப்படிக் கத்தினதில்ல. எல்லாருக்கும் சேத்து நானே கத்திட்டு இருந்திருக்கேன்.”