மாமன் சீரும் புஸ் காரும்

எங்கள் காரில் ஏறும்போதெல்லாம் எனக்குத் தலையில் முக்காடு போட்டுக்கொள்ளலாம்போல இருக்கும். நாலு பேரைப்போல அமைதியாக ஓடுகிற காராக இருந்தால் பரவாயில்லை. இது ஊரைக் கூட்டுகிற கார். என் வீட்டுக்காரர் மலையகத்தில், நோர்வூட்டில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருந்தார். பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி, இஞ்சினுக்குக் காற்றை ஊதிக் கொடுக்கிற டர்போவைக் கழற்றி எறிந்துவிட்டு அதைவிடப் பெரியதாக ஒன்றைப் பூட்டியிருந்தார். கியர் மாற்றும்போதெல்லாம் 'புஸ்ஸ்' என்று பெருமூச்சு விடும். பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனால் தோட்டத்து லய வீட்டுப் பெண்கள் என்னை விடமாட்டார்கள். "என்னா புள்ள, ஒங்க வீட்டுக்காரர் வண்டிக்கி இன்னும் சளி போகலியா?" என்பார்கள்.

அதுகூடப் போகட்டும். சாவியை எடுத்த பிறகும் இஞ்சின் கொஞ்ச நேரம் தானாக ஓடிக்கொண்டிருக்கும். ஓடி வந்த டர்போவை உடனே நிறுத்தினால் சூட்டில் கெட்டுப்போகுமாம், ஆற விட வேண்டுமாம். கோயில் வாசலில் ஆளில்லாத கார் நின்று உறுமும்போது, அது யார் வீட்டுக் காரோ என்பதுபோல நான் விறுவிறுவென்று உள்ளே போய்விடுவேன்.

அப்பாவுக்கு அந்தக் காரையும் பிடிக்காது, அதை ஓட்டுகிறவரையும் பிடிக்காது. எங்களுடையது நாங்களாக விரும்பிக் கட்டிக்கொண்ட கல்யாணம். அப்பா தோட்டத்து லொறி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபேக்டரியில் தேயிலை ஏற்றினால் ஹட்டன் ஸ்டேஷன், ஸ்டேஷனில் உரம் ஏற்றினால் ஃபேக்டரி. அவருடைய லொறி அதற்கு அப்பால் போனதில்லை. ஆனாலும் வண்டியைப் பற்றி அவரிடம் யாரும் வாய் திறக்க முடியாது. என் வீட்டுக்காரரை ஒரு நாளும் 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'தம்பி', முதுகுக்குப் பின்னால் 'அந்த மெக்கானிக்'.

இப்படியிருக்கும்போதுதான் அத்தை வீட்டுச் சடங்கு வந்தது. அப்பாவின் ஒரே தங்கை அத்தை. இனக் கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறியவர். அத்தையின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, இறந்தபோது சண்டையில் பாதை மூடிக் கிடந்தது. கூடப்பிறந்தவள் தாலியறுத்து நின்ற வீட்டுக்கு அப்பாவால் போக முடியவில்லை. அதை நினைத்து நினைத்தே அவர் பாதி ஆளாகிப்போனார். பிறகு சண்டை நிறுத்த ஒப்பந்தம் வந்து பாதை திறந்தது. அத்தையின் ஒரே மகள் பெரியவளாகி, மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சடங்கு வைத்தார்கள்.

தகப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமன் போய்த்தான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும், சேலை கொடுக்க வேண்டும், மாலை போட வேண்டும். மாமன் வராத சடங்கை எங்கள் சனம் இலேசில் விடாது. 'கூடப்பிறந்தவன் இல்லாதவளா இவ?' என்று ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும். நாலரைக்கு ராகு காலம் தொடங்குகிறது, அதற்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்பா முதல் நாளே பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தார். என் வீட்டுக்காரர்தான் கெஞ்சினார். "வேணாம் மாமா, நானே கூட்டிட்டுப் போறேன். விடியக் கெளம்புனா மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கின நிப்போம்." மாமனாரிடம் நல்ல பெயர் வாங்க இதைவிட்டால் வேறு நாள் வராது என்று நினைத்தார், பாவம். அங்கே சூடு அதிகம் என்று இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை மறித்துவைக்கிற தெர்மோஸ்டட்டைக்கூடக் கழற்றிவிட்டிருந்தார். "இனி தண்ணி நிக்காம சுத்திக்கிட்டே இருக்கும் மாமா. சூடே ஏறாது."

அப்பா உதட்டைப் பிதுக்கினார். "அப்ப நம்ம குளுருல இஞ்சின் எப்புடி சூடாகும்? சூடாகாத இஞ்சின ஓட்டுனா தேஞ்சுதான் போகும்."

கிளம்பிய விடியற்காலை கை விறைக்கிற குளிர். அம்மாவுக்குக் காரில் ஏறினாலே வாந்தி என்பதால் அவர் வரவில்லை. ஆனால் முதல் நாள் முழுக்க அதிரசம் சுட்டு அடுக்கியிருந்தார். இவர் பொனட்டைத் திறந்து எண்ணெயும் தண்ணீரும் பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். அப்பா வெளியில் பொனட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். லொறிக்காரருக்கு எந்த இஞ்சினைக் கண்டாலும் கை சும்மா இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு, சேலைப் பெட்டியை மடியில் வைத்து முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் மாலையோடும் அதிரசத்தோடும் பின்னால்.

கண்டி வரைக்கும் ராஜ பயணம். மாத்தளை தாண்டியதும் இவர் பேச்சு நின்றுபோனது. அடிக்கடி கண் போய் முன்னாலிருந்த முள்ளில் விழுந்தது. சூடு காட்டுகிற முள். அது மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. தம்புள்ளைக்கு முன்னால் காரை ஓரமாக நிறுத்தி, முன்பக்கமெல்லாம் தண்ணீர் ஊற்றினார். கொஞ்சம் இறங்கியது. திரும்ப ஏறியது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. ஹீட்டரப் போடப் போறேன்" என்றார்.

"எதுக்கு?"

"இஞ்சின் சூட்ட உள்ளுக்கு இழுத்துக்கிட்டா, ரேடியேட்டருக்குப் பாரம் கொறையுங்க."

வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே முழு வேகத்தில் ஹீட்டர். நாலு கண்ணாடியும் திறந்திருந்தும் அடுப்புக்குள் உட்கார்ந்ததுபோல இருந்தது. பக்கத்தில் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களைக் குனிந்து பார்த்தார்கள். என் முகத்தில் பவுடர் வழிந்து கழுத்துக்கு வந்துவிட்டது. அப்பாவின் காலில் நெருப்புக் காற்று நேராக அடித்தது. அவர் கோட்டையும் கழற்றவில்லை, வாயையும் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் எனக்குத் தாங்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "இந்தச் சனியனுக்குப் பதிலா ஒரு மாட்டு வண்டி கட்டியிருந்தாலும் இந்நேரம் போய்ச் சேந்திருக்கலாம்" என்று ஆரம்பித்து, கராஜையும் டர்போவையும் இவருடைய புத்தியையும் கெக்கிராவை வரைக்கும் ஏசினேன். இவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார்.

மதவாச்சி தாண்டி ஒரு செக்பொயின்ட். வரிசை நகரவே இல்லை. நின்ற இடத்தில் நிற்கிற காருக்குள் காற்றும் வராது. எங்கள் முறை வந்து சோதனை முடிந்து கொஞ்ச தூரம் போவதற்குள் பொனட்டிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. கார் நின்றுவிட்டது. அப்பா சேலைப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். கொண்டுவந்த தண்ணீரெல்லாம் முடிந்திருந்தது. அது சிங்கள ஊர், ஆனால் அப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. காலியான தண்ணீர்க் கானுடன், கோட்டோடு, தூரத்தில் தெரிந்த வீட்டைப் பார்த்து நடந்தார். அந்த வெயிலில் அந்தக் கோட்டின் முதுகைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

இவர் இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டருக்கு முன்னால் கையை விட்டுத் துழாவினார். டர்போவின் காற்றைக் குளிர்விக்க முன்னால் இன்னொரு பெட்டி பூட்டியிருப்பார்கள். அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையிலிருந்த சந்திலிருந்து எதையோ இழுத்தார். நனைந்து ஊறிய காட்போட் மட்டை. ரேடியேட்டருக்குப் பாதிக்கு மேல் காற்றே போகாமல் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மட்டையில் வட்ட வட்டமாக எண்ணெய்க் கறை. அம்மா அதிரசத்தை எண்ணெய் வடிய அடுக்கிவைத்த பிஸ்கட் பெட்டி மட்டை.

மலையில் பனிக்காலத்து விடியலில் எல்லா லொறிக்கும் செய்கிற வேலைதான் அது. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு மட்டையைச் செருகிவிட்டால் குளிர்காற்று படாமல் இஞ்சின் சீக்கிரம் சூடாகும். தையிலிருந்து பங்குனி வரை அப்பா அதைக் கழற்றவே மாட்டார். கழற்ற வேண்டிய ஊருக்கு அவர் லொறி எந்தக் காலத்திலும் போனதில்லையே. மருமகனின் இஞ்சின் தேய்ந்துபோகக் கூடாதென்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார்.

"அப்பாதானே?" என்றேன்.

இவர் மட்டையை மடித்து டிக்கிக்குள் ஸ்பெயார் வீலுக்கு அடியில் திணித்தார். "பேசாத. மாமாவுக்குத் தெரிய வேணாம்" என்றார். ஓட்டி வந்த தூரமெல்லாம் நான் ஏசியதை அவர் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அப்பா கொண்டுவந்த தண்ணீரை ஊற்றியதும் கார் ஒரு குறையும் இல்லாமல் பறந்தது. ஆனால் நேரம் எங்களுக்காக நிற்கவில்லை. பந்தலுக்குள் நாங்கள் நுழைந்தபோது பிள்ளை மணையில் உட்கார்ந்திருந்தாள். தலை ஈரம் காய்ந்திருந்தது. கழுத்தில் மாலை, உடம்பில் வேறு யாரோ கொடுத்த சேலை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை மாமன் இடத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் முடித்திருந்தார்கள்.

அத்தை ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துட்டீங்களா அண்ணே" என்றார். இறந்துபோன மாமாவின் வழிக் கிழவர் ஒருவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சாவுக்குத்தான் வரல, சடங்குக்குமா வழி தெரியல?"

அப்பாவின் முகம் கறுத்துப்போனது. சேலைப் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டி இவரைக் காட்டினார். "நான் என்னாங்க செய்றது? எம் மகளுக்கு வாய்ச்சவரு அப்புடி. ஓடுற வண்டிய ஒடச்சி, டர்போ கிர்போன்னு எதையோ பூட்டி வச்சிருக்காரு. பஸ்ல போறேன்னு நான் தலப்பாடா அடிச்சிக்கிட்டேன்."

பந்தலே இவரைத் திரும்பிப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். மட்டை விஷயம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "ஆமாங்க, ஏந் தப்புதாங்க. வண்டி சரியில்லீங்க" என்றார். அந்த வண்டியைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால் நாள் முழுக்க சண்டை பிடிக்கிற மனிதர். கையில் அதிரசத் தட்டோடு, யாருக்காக வெட்கப்படுவது என்று தெரியாமல் நான் நின்றேன். அப்பாவுக்காகவா, இவருக்காகவா, எல்லாம் தெரிந்தும் ஊமையாக நிற்கிற எனக்காகவா? பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. அப்பா கொண்டுபோன சேலையை அத்தை வாங்கி அலமாரிக்குள் வைத்தார். அது அன்றைக்குப் பிள்ளையின் உடம்பில் ஏறவில்லை.

மறுநாள் காலையில் திரும்பினோம். அப்பா முன் சீட்டில் வெளியே பார்த்தபடியே வந்தார். அதே வெயில், அதே பாதை. முள் அசையவில்லை. "இன்னைக்கி மட்டும் எப்புடி ஒழுங்கா ஓடுது பாரு" என்று தம்புள்ளையில் ஒரு தடவை குத்தலாகச் சொன்னார்.

வட்டவளை ஏற்றத்தில் பொழுது சாய்ந்து மூடுபனி இறங்கியது. றொசல்லைக்குக் கிட்ட வரும்போது நல்ல குளிர். முள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் புத்தி, தன்னை மறந்து வாய்விட்டுச் சொன்னார்:

"இஞ்சின் இப்புடிக் குளுந்து போச்சே. நான் மட்டை வச்சும் முள்ளு ஏற..."

சொல் பாதியில் நின்றது. மட்டை இன்னும் அங்கே இருந்திருந்தால் முள் ஏறியிருக்க வேண்டும். அப்பா மெதுவாகத் திரும்பி இவரைப் பார்த்தார். இவர் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு அது போதும்.

நோர்வூட் டவுனில், வெளியூருக்கு டெலிபோன் பேசுகிற கடைக்கு முன்னால், "கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றார். உள்ளே போய் அத்தை வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு அழைத்து, அத்தை வரும்வரை காத்து நின்றார். கண்ணாடிக் கதவுதான் பெயருக்கு; அப்பா போனில் பேசினால் நாலு கடைக்குக் கேட்கும். லைனும் சரியில்லை.

"தங்கச்சி, நேத்து பந்தல்ல நான் சொன்னது பொய்ம்மா. வண்டியில ஒரு கொறையும் இல்ல... காத்து போற வழிய நான்தான் அடச்சி வச்சிட்டேன்... மட்டை... காட்போட் மட்டைம்மா. ஆமா, நான்தான்... இல்ல, மாப்பிள்ளைக்குத் தெரியும். தெரிஞ்சும் எம் மானத்துக்காகப் பேசாம நின்னிருக்காரு... கேக்கலியா? நான்தான் வச்சேன். மாப்பிள்ளை மேல பிழை இல்ல. அந்தப் பெரியவருகிட்டயும் சொல்லிரு."

கேட்கவில்லை என்று அத்தை சொல்லச் சொல்ல, அப்பா இன்னும் சத்தமாக அதையே சொன்னார். கடையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். நான் காருக்குள் இருந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அப்பா வெளியே வந்தார். காரில் ஏறவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு, எங்களைப் பார்க்காமலே, "நீங்க போங்க. நான் நடந்து வாறேன்" என்று தோட்டத்துப் பாதையில் ஏறத் தொடங்கினார். ஃபேக்டரியில் தோட்டத்து அதிகாரி தொரைக்கு முன்னால் நிற்கும்போது துண்டை அப்படித்தான் கையில் எடுத்துக்கொள்வார்.

இவர் தாண்டிப் போகவில்லை. முதல் கியரில், அப்பா நடக்கிற வேகத்துக்கு, வெளிச்சத்தை அவர் காலடியில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்தார். அந்தக் காருக்கு ஏற்றத்தில் ஊர்வதுதான் ஆகாது. பீலியடியில் நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். அப்பா திரும்பவே இல்லை. அந்தக் குளிரிலும் முள் மெல்ல ஏறத் தொடங்கியது. இவர் ஹீட்டரைத் திருகினார். நான் கண்ணாடியை இறக்கினேன்.