பன்னிரண்டு எண்ணும் நேரம்

ஆறிய பிறகு எழுது என்கிறார்கள். ஆறாது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியோரம் ஒரு மாடி அறையில், வெளிநாட்டுக்காரருக்குக் கணினி விளையாட்டுகள் செய்துகொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. அதில் சத்தங்கள் செய்வது என் வேலை. இணையத்தில் இருபது பேர் கூடி ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் விளையாட்டு ஒன்று வந்தது. அதன் முதலாளி எங்கள் ஆள்தான். மூன்று வயதில் தாயின் இடுப்பிலிருந்தபடி கனடா போனவர். திரையில் வந்து, "தம்பி, எல்லாம் அசலா இருக்கோணும். விளையாடுறவனுக்கு நெஞ்சு பதறோணும்" என்றார்.

அசல் வேண்டுமாம்! யாரிடம் கேட்கிறார்? கரவெட்டியில் ஷெல்லடிக்குள் வளர்ந்தவனிடம்.

அந்த விளையாட்டில் ஷெல் அடிக்கும் ஆயுதம் ஒன்று இருந்தது. இப்படியான விளையாட்டுகளில் பெரும்பாலும் ஷெல் விழுந்து வெடிப்பதைத்தான் கேட்கலாம். எங்களுக்கு அதற்கு முன்னால் இன்னொரு சத்தம் உண்டு, ஆமி முகாமிலிருந்து ஷெல் வெளிக்கிடும் சத்தம். தூரத்தில் 'தும்' என்று ஒன்று, அவ்வளவுதான். கேட்டவுடன் வீட்டில் யாராவது எண்ணத் தொடங்குவார்கள். எங்கள் வீட்டுக்குப் பன்னிரண்டு. அதற்குள் பங்கர்க் குழிக்குள் இறங்கிவிட்டால் உயிர் மிச்சம்.

ஒருநாள் அப்பாவுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மிசின் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் அம்மா எண்ணினார், நானும் எண்ணினேன். எனக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அம்மா எந்த மிசினையும் தொடர்ந்து ஓடவிடமாட்டார். இடையில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுப்பார்.

அந்தச் சத்தத்தை உயிரைக் கொடுத்துச் செய்தேன். வெறும் எண்ணெய்ப் பீப்பாயைத் துணி சுற்றிய உலக்கையால் குத்திக் குத்திப் பதிந்தேன். அம்மாவுக்குப் போட்டுக் காட்டவில்லை, அந்தளவு புத்தியாவது இருந்தது. சத்தத்துக்கும் வெடிப்புக்கும் நடுவே பன்னிரண்டு விநாடி விட்டு அனுப்பினேன்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன தம்பி, உந்த மைதானம் முழுக்க ஐந்நூறு மீற்றர்தான். ஷெல் என்ன நடந்தே வருது?"

மனிதர் சொன்னது சரிதான். முகாமுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையிலிருந்த தூரத்தை அப்படியே தூக்கி விளையாட்டுக்குள் வைத்திருக்கிறேன்! அலுவலகத்தில் ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை. பருத்தித்துறைப் பிள்ளை ஒருத்தி மட்டும், "எங்கடை பக்கம் ஒன்பதெல்லோ?" என்று கேட்டாள்.

நாலு விநாடியாகக் குறைத்தேன். அதற்கும் முறைப்பாடு. வெள்ளோட்டம் பார்த்தவர்கள், சத்தம் கேட்டதும் எல்லோரும் ஓடித் தப்பிவிடுகிறார்கள், இந்த ஆயுதத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். முதலாளி மறுபடி திரையில் வந்தார்.

"தம்பி, ஆயுதங்களுக்குள்ளை ஒரு சமநிலை வேணும். ஒருத்தரும் சாகாட்டி ஆர் உதைக் கையிலை எடுப்பினம்? வெளிக்கிடுற சத்தத்தை எடுத்துவிடுங்கோ."

"அண்ணை, அது கேக்காட்டி என்னெண்டு தப்புறது?"

"தப்பக்கூடாது எண்டுதானே சொல்லுறன்."

நான் விடவில்லை. "அசல் வேணுமெண்டு கேட்டது நீங்கள்தானே? அசலிலை எங்கடை பக்கம் இருந்தது உந்தச் சத்தம் ஒண்டுதான். மிச்சம் எல்லாம் அடிச்சவங்கடை பக்கம். அதையும் பிடுங்கிப்போட்டு என்ன சமநிலை?"

"ஏன் தம்பி உவ்வளவு சூடாகிறியள்? இது விளையாட்டு."

விளையாட்டாம்! துவக்குகளைப் பற்றி இதே மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? ஒரு வெடியில் ஆள் சாகக்கூடாது, ஆறு வெடி பட்டால்தான் சாகவேண்டும், இல்லாவிட்டால் விளையாடுகிறவனுக்கு அநியாயமாம். அங்கே அசல் வேண்டாமாம். அப்பாவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அதையும் விளம்பரத்தில் போட்டிருப்பார். சத்தத்தை எடுக்கச் சொன்னார், எடுத்துக் கொடுத்தேன். என் கையாலேயே எடுத்தேன் என்பதுதான் இன்னும் கொதிக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த விளையாட்டு வெளிவந்தது. காலை பத்து மணியிருக்கும். அம்மா குசினியில் மிக்சியில் தேங்காய்ப்பூ அடித்துக்கொண்டிருந்தார். நான் முன் அறையில் இருந்து அதைப் போனில் இறக்கினேன். போனைப் பெரிய ஸ்பீக்கரில் இணைத்து, சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்துக்கொண்டு, 'தொடங்கு' என்ற பொத்தானை அமத்தினேன்.

தும்.

என் சத்தம். என் பீப்பாய், என் உலக்கை. கழித்த சாமானை வீணாக்காமல் அந்தப் பொத்தானுக்குப் பூட்டியிருக்கிறார்கள், நாசமாய்ப் போனவர்கள்! உலகத்தில் எவன் விளையாடத் தொடங்கினாலும் முதலில் அதுதான் கேட்கும். அதற்குப் பிறகு ஒன்றும் விழாது. திரையைப் பார்த்துத் திட்டுவதற்கு வாயெடுத்தேன்.

குசினியில் மிக்சி நின்றது.

கூப்பிட்டு, ஒன்றுமில்லையம்மா என்று சொல்லியிருக்கவேண்டும். நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மா வாசலுக்கு வந்தார். கையெல்லாம் தேங்காய்ப்பூ.

"பன்னிரண்டும் எண்ணிப்போட்டன்" என்றார். "எங்கை மோனை விழுந்தது?"