எம்.பி.யின் திங்கட்கிழமைகள்

பண்ணையின் வெள்ளைக் கேற்றைத் தாண்டி அரைக் கிலோமீற்றர் நடந்த பிறகுதான், காலில் இன்னும் பண்ணையின் ரப்பர் சப்பாத்து இருப்பதைக் கண்டேன். என்னுடைய சப்பாத்து கொட்டில் வாசலில் கிடந்தது. திரும்பிப் போய் மாற்றியிருக்கலாம். போனால் பண்ணைக்காரன் மறுபடி கதையைத் தொடங்குவான், எனக்கு அதற்கு நேரமில்லை. அன்று திங்கட்கிழமை. எங்கள் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் பத்து மணிக்கு நகர நூலகத்துக்கு வருவார், பன்னிரண்டுக்கு எழும்பிவிடுவார். நகரத்துக்கு இன்னும் ஏழு கிலோமீற்றர் இருந்தது. மழை பக்கவாட்டில் அடித்தது. டென்மார்க்கின் இந்த யூலண்டுப் பக்கத்தில் மழை மேலேயிருந்து விழுவது குறைவு.

திங்கட்கிழமை லீவு கேட்டதால் போன மூன்றாவது வேலை அது. முதலாவது உருளைக்கிழங்கு தரம் பிரிக்கிற இடம். இரண்டாவது பன்றிப் பண்ணை. இவனிடம் தோலுக்காக வளர்க்கும் மிங்க் என்ற சின்ன விலங்குகள், ஆயிரக்கணக்கில், கூடு கூடாக. பண்ணைக்காரனில் பிழை சொல்லமாட்டேன். மிங்குக்குத் திங்கட்கிழமையும் பசிக்கும்.

வேலை போவது எனக்குப் புதிது இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு ஓரிடத்தில் ஒரு வருடம் ஒழுங்காக இருந்ததில்லை. வவுனியாவில் லொறி, கொழும்பில் ஹோட்டல் குசினி, டுபாயில் கட்டிட வேலை. பிறகு ஊருக்கு வந்து கல்யாணம். நாலு மாதம் அவளோடு இருந்தேன். நாட்டில் இனப் பிரச்சினை முற்றியதும் கிழக்கு பேர்லின் வழியாக டென்மார்க் வந்து சேர்ந்தேன். அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டவன் மனைவியைக் கூப்பிடலாம் என்று சட்டத்திலேயே இருந்தது. விண்ணப்பம் போட்டேன். பதில் வரவில்லை. எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் வரவில்லை.

எம்.பி.யிடம் போகலாம் என்று சொன்னது என்னோடு அறையில் இருந்த அண்ணைதான். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், ஊரில் கடையொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். முதல் தடவை போன காலையில் என் கையைப் பார்த்துவிட்டு வாசலை மறித்தார்.

"என்னடா, வெறுங்கையோடயே எம்.பி.யிட்டப் போறாய்?"

"இஞ்ச அப்பிடியெல்லாம் இல்லையாம் அண்ணை."

"எங்க எண்டாலும் எம்.பி. எம்.பி.தான். நில்லு, ரின்மீன் பற்றிஸ் பொரிச்சுத் தாறன். சும்மா போய் நிண்டா, உன்ர மூஞ்சையைப் பாத்திட்டு இருக்கிற மனுசியையும் திருப்பி அனுப்பிப்போடுவினம்."

மீன் அடைத்துப் பொரித்த பற்றிசோடு, பிஸ்கட் டின் நிறைய, போனேன். நூலகத்தில் சிறுவர் புத்தகப் பகுதிக்குப் பின்னால் ஒரு மேசை. அதில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், முன்பு தாதியாக இருந்தவராம், கம்பளிச் சட்டையும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக இருந்தார். அவர்தான் எம்.பி. காவல்காரன் இல்லை, செயலாளர் இல்லை. காத்திருந்தவர்கள் நான்கு பேர். பக்கத்துக் காணியின் எருத்தொட்டி நாறுகிறது என்று ஒரு விவசாயி. பஸ் தரிப்பை இருநூறு மீற்றர் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று ஒரு கிழவி. மகனின் சக்கர நாற்காலிக்காக ஒரு தம்பதி.

என் முறை வந்ததும் டின்னை நீட்டினேன். அவர் திறந்து பார்த்தார், ஒன்றை எடுத்தார், மிச்சத்தைக் காத்திருந்தவர்களிடம் கொடுத்துவிட்டார். எம்.பி.க்குக் கொண்டுவந்ததை எருத்தொட்டிக்காரன் தின்கிறான். அவன் ஒரு கடி கடித்தான், முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. "இதில் என் பக்கத்து வீட்டானுக்கு இரண்டு கொடு, நாளைக்கே தொட்டியை மூடுவான்" என்றான். கிழவி இரண்டாவதையும் எடுத்தாள்.

எம்.பி. நீல அட்டைக் கொப்பி ஒன்று வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு பக்கம். என் மனைவி எருத்தொட்டிக்கும் பஸ் தரிப்புக்கும் நடுவில் இருந்தாள். அது எனக்கு அவமானமாகப் படவில்லை. எல்லோருக்கும் அதே எழுத்து, அதே அளவு கேள்வி. திங்கட்கிழமை ஊரில் இப்படி எழுதிக்கொள்வார். செவ்வாய் விடிய ரயிலிலும் பெரிய படகிலும் தலைநகரம் போவார். வெள்ளி பின்னேரம் திரும்புவார். சனியும் ஞாயிறும் விளையாட்டு மண்டபத் திறப்பு, யாருடையதாவது ஐம்பதாவது பிறந்தநாள். மறுபடி திங்கள்.

"நான் கேட்கலாம்" என்றார் என்னிடம், மெதுவாக, எனக்கு விளங்கும்படி. "கேட்க மட்டும்தான் என்னால் முடியும்."

நான் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் எம்.பி. ஒரு துண்டு எழுதித் தந்தால் பஸ் டிப்போவில் கண்டக்டர் வேலை நிச்சயம். துண்டைப் பார்த்த அதிகாரி எழுந்து நிற்பான். எம்.பி. கேட்பது என்றால் அதுதான்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. தடித்த தாள், மேலே அரச முடி பதித்திருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாக வாசித்தேன். என் மனைவியின் விண்ணப்பம் பற்றி அமைச்சருக்கு எழுதியிருக்கிறார். சட்டப்படி அவளுக்கு வர உரிமை இருக்கிறது என்று நினைக்கிறார். பதில் வந்தால் அறிவிப்பார். ஒரு சொல்லையும் நான் பிழையாக விளங்கவில்லை. கடிதத்தின் பாரத்தைத்தான் பிழையாக நிறுத்தேன்.

அண்ணை தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "முடி போட்டிருக்கு. உரிமை இருக்கெண்டு எழுதியிருக்கு. இனி என்ன? ஆளைக் கொழும்புக்கு வெளிக்கிடச் சொல்லு. விசா வாற நேரம் சண்டையில பாதை பூட்டினாப் பிறகு தலையில கை வைக்கிறதே?"

பிரதி எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவள் பதில் போட்டாள். ஐயாவுக்கு நெஞ்சு வருத்தம் கூடியிருக்கிறது, தாய் இல்லாத வீடு, பார்க்க வேறு ஆள் இல்லை, உண்மையான விசா வந்த பிறகு வெளிக்கிட்டால் போதாதா என்று கேட்டிருந்தாள். நான் ஒரு வரி எழுதினேன். "எம்.பி. எழுதினதுக்கு மேலால உனக்கு என்ன வேணும்?"

அவள் தகப்பனைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுக் கொழும்புக்குப் போனாள். லொட்ஜில் ஆறு பெண்களோடு ஓர் அறை. அதன் பிறகுதான் எனக்குத் திங்கட்கிழமைகள் தொடங்கின. ஒவ்வொரு கிழமையும் போய் நின்றால் வேலை வேகமாக நடக்கும் என்று நம்பினேன். அவள் கொழும்பில் இருக்கிற ஒவ்வொரு நாளும் என் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

ரப்பர் சப்பாத்தோடு நான் போய்ச் சேர்ந்த அந்தத் திங்கள் பதினொன்றே முக்கால். நூலகத்துத் தரையில் சேற்றுத் தடம் பதித்துக்கொண்டு போய் மேசைக்கு முன்னால் நின்றேன். எம்.பி. என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"வேலை?"

"முடிந்துவிட்டது."

"என்னாலா?"

"மிங்கினால்."

அவர் சிரிக்கவில்லை. அமைச்சிலிருந்து இரண்டு வரி வந்திருந்தது. விண்ணப்பம் கவனிக்கப்படுகிறது என்று. அதே இரண்டு வரி முன்பும் வந்திருந்தது. "புதன்கிழமை தலைநகரத்துக்கு வா" என்றார். "நீ பக்கத்தில் இருக்கும்போது தொலைபேசி எடுக்கிறேன். நான் என்ன செய்கிறேன், என்ன செய்ய முடியாது என்று நீ பார்க்க வேண்டும்."

போனேன். மாளிகை போன்ற கட்டிடம், உள்ளே அவருடைய அறை எங்கள் அறையை விடச் சிறியது. மேசையில் கடிதக் கட்டுகள், யன்னலில் காய்ந்த ஒரு பூஞ்சாடி. மணி அடித்தால் வாக்களிக்க ஓட வேண்டும். அன்று மூன்று தடவை அடித்தது. மூன்று தடவையும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாணைப் பாதியில் வைத்துவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினார், மூச்சு வாங்கத் திரும்பி வந்தார், விட்ட இடத்திலிருந்து அடுத்த கடிதத்தை எடுத்தார். பஸ் தரிப்புக்கு ஓர் ஆள், சக்கர நாற்காலிக்கு ஓர் ஆள் என்று தொலைபேசி போனது. அவை நடந்தன. ஒரு சின்னப் பகிடி, ஒரு நன்றி, கொப்பியில் ஒரு குறிப்பு.

பிறகு என் பக்கம். நீண்ட நேரம் பேசினார். முதலில் பெயர் சொன்னார், பிறகு இலக்கம் சொன்னார், பிறகு சட்டத்தின் பிரிவைச் சொன்னார். பிறகு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியை வைத்தபோது அவர் கழுத்து சிவந்திருந்தது.

"கோப்பு எங்கே என்று அவர்களுக்குத் தெரியும்" என்றார். "தேடவேயில்லை. நான் கேட்கிறேன், அவர்கள் மரியாதையாகச் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன், இப்படிக் கண்டதில்லை."

அவர் என்னிடம் முதல் நாளே சொன்னது அன்றுதான் எனக்கு விளங்கியது. கேட்க மட்டும்தான் முடியும். அந்த முடிக்குக் கீழே எழுதியவர் பாதிப் பாணோடு உட்கார்ந்திருக்கும் ஒரு களைத்த மனிசி. அன்றைக்கே தந்தி அடித்திருக்க வேண்டும், திரும்பி ஊருக்குப் போ, ஐயாவைப் பார் என்று. தபால் நிலையத்தைத் தாண்டித்தான் ரயிலுக்கு நடந்தேன். திறந்துதான் இருந்தது. நான் சொன்னது பிழை என்று ஒரு பெண்ணுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. அடுத்த கிழமை வந்தாலும் வரும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு ரயில் ஏறினேன்.

அடுத்த கிழமை வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. ஆறாவது கிழமை, பாதை பூட்டியிருந்த நாட்களில், அவளுடைய ஐயா செத்துப்போனார். செய்தி கொழும்புக்கு வர எட்டு நாள். அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குத்தான் நேரம் இருந்தது.

பிறகு நாடு முழுக்கத் தெரியவந்தது. எங்கள் கோப்புகள் தாமதமாகவில்லை, அமைச்சரின் உத்தரவில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. பத்திரிகைகள் தமிழர் வழக்கு என்று எழுதின, விசாரணை நடந்தது, அரசாங்கமே போனது. அதெல்லாம் வர வருடங்கள் இருந்தன. முதலில் வந்தது அனுமதி. ஒரு வியாழக்கிழமை எம்.பி. தலைநகரத்திலிருந்து எங்களுக்கு அறை தந்த வீட்டுக்காரியின் தொலைபேசிக்கு எடுத்தார். "கொடுத்துவிட்டார்கள்" என்று கத்தினார், குரல் உடைந்து. நான் அன்றே அவளுக்கு எழுதினேன்.

அவளுடைய கடிதம் ஐந்து கிழமைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை வந்தது. அண்ணையிடம் கொடுத்தேன், என்னால் வாசித்து முடிக்க ஏலவில்லை. அவர் கட்டிலில் இருந்து சத்தமாக வாசித்தார்.

"அன்பின் அத்தான், விசா கிடைச்சதெண்டு எழுதியிருந்தியள். நான் வரேல்லை. கோவத்தில எழுதுறனெண்டு நினையாதேங்கோ, நல்லா யோசிச்சுத்தான் எழுதுறன். ஐயாவை எரிச்ச அண்டைக்கு நான் கொழும்பில, புறக்கோட்டைக் கடையொண்டில, டென்மார்க் குளிருக்கெண்டு கம்பளிச் சட்டை போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறன். கடைக்காரன் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிக் காட்டினவன். நான் சிரிச்சனான். உங்கட எழுத்தைக் கண்டால் எனக்கு அந்தக் கண்ணாடிதான் தெரியுது. அதோட உங்களுக்குப் பக்கத்தில வந்திருந்து என்ன செய்யிறது? நீங்கள் வேற வழி பாருங்கோ. நானும் பாக்கிறன்."

அண்ணை கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "வெளிக்கிடச் சொல்லச் சொன்னது நான்தானேடா" என்றார்.

"எழுதினது நான் அண்ணை."

"நான் சொல்லாட்டி எழுதியிருக்கமாட்டாய்."

"ரெண்டாந்தரமும் எழுதினனே. அதை நீங்கள் சொல்லேல்லை."

அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

திங்கட்கிழமை நூலகத்துக்குப் போனேன். எம்.பி.யிடம் சொல்லாமல் விட முடியாது. ஒன்றரை வருடமாக எனக்கொரு பக்கம் வைத்திருந்தவர்.

மேசையில் கேக் இருந்தது. கிறீம் தடவி, உச்சியில் பல்லுக்குத்தும் குச்சியில் ஒட்டிய சின்னச் சிவப்பு வெள்ளை டென்மார்க் கொடி. என் மனைவி வரப்போகிறாள் என்று அவரே செய்தது. எருத்தொட்டி விவசாயியும் வந்திருந்தான், அவனுக்கு இப்போது வேறொரு வழக்கு. எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அந்த நெருப்புப் பலகாரத்தை உன் மனைவி இன்னும் நன்றாகச் செய்வாளா?" என்று கேட்டான். நூலகத்துப் பெண் கோப்பிக் கோப்பைகள் கொண்டுவந்தாள். நான் உட்கார்ந்தேன். ஒரு துண்டு தட்டில் விழுந்தது. கரண்டியைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்தேன்.

"அவள் வரவில்லை" என்றேன்.

"எப்போது வருகிறாள்?"

"வரவே மாட்டாள். எழுதியிருக்கிறாள்."

விவசாயி தன் தட்டைப் பார்த்தான். எம்.பி. கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "நாங்கள் பிந்திவிட்டோமா?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். அவருடைய கடிதம் எங்கே போனது, அதை வைத்து நான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரியாது. கொழும்பு லொட்ஜ் தெரியாது. தகப்பனைத் தெரியாது. சொன்னால் இந்த மனிசி இனி ஒருவருக்கும் கடிதம் எழுதமாட்டார். சக்கர நாற்காலிக்கும் எழுதமாட்டார்.

"அவர்கள்தான் பிந்தினார்கள்" என்றேன். "நீங்கள் கேட்டீர்கள்."

"நான் அவளுக்கு எழுதட்டுமா? ஒரு பெண்ணாக. என்ன நடந்தது என்று விளக்கி, இங்கே அவளுக்கு இடம் இருக்கிறது என்று." பேனையைக் கையில் எடுத்துவிட்டார். "முகவரியைத் தா."

"வேண்டாம்" என்றேன். "கடிதம் வேண்டாம்."

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் பேனையை மூடினார். கேக்கை முழுதாகச் சாப்பிட்டேன், அவர் செய்தது என்பதற்காக. கை கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அறைக்குப் போய் உடுப்புகளை எடுத்தேன். அண்ணை வேலையில் இருந்தார். ஒரு துண்டுத் தாளில் எஸ்பியர்க் என்று மட்டும் எழுதி வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எஸ்பியர்க் துறைமுகத்தில், ஆள் குறைந்திருந்த முதல் படகில் கேட்டேன். மீனை அரைத்துத் தீவனமாக்கும் மீன்மா ஆலைக்குச் சின்ன மீன் பிடிக்கிற படகு. பத்து நாள் கடல், இரண்டு நாள் கரை. சமைக்க வேண்டும், வலை ஏறும்போது கையும் கொடுக்க வேண்டும். படகுக்காரன் ஒரு கேள்விதான் கேட்டான், புறப்படுமுன் வீட்டில் யாருக்காவது அறிவிக்க வேண்டுமா என்று. இல்லை என்றேன். உருளைக்கிழங்கு மூட்டை கீழே இருக்கிறது, ஆறு பேருக்குத் தோல் சீவு என்றான்.