மூடுபனியில் மட்டும் விக்கிய லோரி

எங்கள் லோரிக்கு விக்கல் வந்தது மழை மாதத்தில். காலையில் தேயிலைத் தோட்டத்து மேட்டில் ஏறும்போது தடக், தடக் என்று குலுங்கும். பின்னால் அடுக்கிய செவ்வந்திப் பூப்பெட்டிகளும் கூடவே குலுங்கும். வெயில் ஏறிவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் பிரிக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். குடியிருப்பது தோட்டத்து லைன் வீட்டில். என் வீட்டுக்காரர் பக்கத்துத் திரிங்காப் பூந்தோட்டங்களிலிருந்து பூ ஏற்றி, மலைக்குக் கீழே உள்ள ஈப்போ நகரத்துக்குக் கொண்டுபோகிறார். அந்தச் சின்ன பெட்ரோல் லோரியை ஈப்போவில் ஒரு பெரிய ஷோரூமில் புதிதாக வாங்கியிருந்தோம். சர்வீஸுக்குப் போகும் நாளில் அவர் இஸ்திரி போட்ட சட்டை அணிவார். கல்யாண வீட்டுக்குக்கூட அவ்வளவு சிரத்தையாகக் கிளம்ப மாட்டார். அங்கே குளிர்சாதன அறை, தோல் சோபா, பொத்தானை அமுக்கினால் காப்பி. அவ்வளவு வசதி உள்ள இடத்தில் தப்பு நடக்காது என்பது அவர் நம்பிக்கை.

முதல் தடவை அவர் மட்டும் போனார். ஈப்போ வெயிலில் லோரி பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல ஒழுங்காக நடந்துகொண்டது. "வண்டியில ஒன்னும் இல்ல, ஓட்டுற விதம்தான் சரியில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாவம், வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கியரைக் குழந்தையைத் தொடுவது போல் தொட்டு ஓட்டினார். விக்கல் நிற்கவில்லை.

இரண்டாவது தடவை நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் பையன் நம்மவன்தான். தலைமுடியில் பளபளப்பு, கையில் டேப்லெட். துக்கச் செய்தி சொல்பவன் போல எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, கம்ப்யூட்டர் போட்டுப் பாத்தாச்சி. மூணாவது சிலிண்டர் மிஸ்ஃபயர். எஞ்சின் ஹாபிஸ் லா. உள்ள எல்லாம் முடிஞ்சிருச்சி. எஞ்சினையே மாத்தணும்."

என் வீட்டுக்காரர் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார். இழவு வீட்டில் தலை குனிவது போல் குனிந்தார். எனக்கு என்னவோ துக்கம் வரவில்லை.

"எஞ்சினைத் தொறந்து பாத்தீங்களா தம்பி?"

"தொறக்கத் தேவையில்லக்கா. கம்ப்யூட்டரே சொல்லுது."

"மூணாவதுல கோளாறுன்னு சொல்லுது. எதனாலன்னு சொல்லுச்சா?"

பையன் டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். அதில் அந்தப் பதில் இல்லை போலும்.

"நீங்க மலையில ஓட்டுறீங்கக்கா. மேல காத்து கம்மி. எஞ்சினுக்கு மூச்சு முட்டும்."

"மத்தியானமும் அதே மலையிலதானே ஓடுது? அப்ப முட்டலையே. பனியும் மழையும் இருந்தாத்தான் விக்குது. உள்ள செத்துப்போன எஞ்சின், வெயிலடிச்சா மட்டும் எப்படி எந்திரிச்சி வரும்?"

"சும்மா இரு," என்று என் வீட்டுக்காரர் என் முழங்கையை இடித்தார். "படிச்சவங்க சொல்றாங்க."

நான் சும்மா இருக்கவில்லை. பையன் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தான். கழுத்துப்பட்டை கட்டிய அவர் என்னை 'மேடம்' என்று அழைத்து, நான் சொன்னதை முழுதும் கேட்காமலே தலையாட்டினார். காலைப் பனியில் ஒரு தடவை வண்டியை வந்து பார்க்காமல் எஞ்சினைத் தொட விடமாட்டேன் என்றேன். சோபாவிலிருந்தும் எழவில்லை. கடைசியில் ஆள் அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

சொன்னபடியே ஒரு ஈரமான காலையில் பையனும் ஒரு மலாய் மெக்கானிக்கும் ஷோரூம் காரில் வந்து சேர்ந்தார்கள். வழியில் உள்ள கம்போங் ராஜா ஊரைத் தாண்டும் முன்பே மலை வளைவுகளில் பையன் வாந்தி எடுத்திருந்தான். பளபளத்த முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் பிடித்தபடி இறங்கினான். இஞ்சி தட்டிப்போட்டு ஒரு தேத்தண்ணி கொடுத்தேன். அதைக் குடித்துக்கொண்டே தேயிலைச் சரிவுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தான்.

லோரியைக் கிளப்பி மேட்டில் ஏற்றினார் என் வீட்டுக்காரர். பாதியிலேயே தடக், தடக். இவ்வளவு நாள் தொந்தரவு செய்த அந்தச் சத்தம் அன்றைக்குக் கேட்க எனக்கு ஆனந்தமாக இருந்தது.

மெக்கானிக் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி மூடியைத் திறந்தார். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில்கள் வரிசையாக இருந்தன. மூன்றாவதை உருவினார். அதன் ரப்பர் வெடித்து, உள்ளே ஈரம் மினுமினுத்தது. அவர் அதை இரண்டாவது இடத்திலும், இரண்டாவதை மூன்றாவது இடத்திலும் மாற்றிச் செருகினார். திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, கொண்டுவந்திருந்த கம்ப்யூட்டரை மாட்டிப் பையனிடம் நீட்டினார்.

பையன் திரையைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"அக்கா, இப்ப ரெண்டாவது சிலிண்டரும் போச்சி!"

"அப்ப மூணாவது பொழைச்சிருச்சா தம்பி?"

அவன் மறுபடி திரையைப் பார்த்தான். மூன்றாவது பிழைத்துத்தான் இருந்தது. மெக்கானிக் முகத்தைத் தேயிலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

கெட்டது ஒரு காயில். கையளவு சாமான். புதிதாக ஒன்றைப் போட்டதும் லோரி மேட்டில் சத்தமில்லாமல் ஏறியது. ஷோரூமிலிருந்து மன்னிப்பு வரவில்லை. 'எஞ்சின் வெற்றிகரமாகக் காப்பாற்றப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. கூடவே சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டுக்காரருக்கோ பெருமை தாங்கவில்லை. அன்று சாயங்காலமே லைனில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார்:

"பெரிய கம்பெனின்னா கம்பெனிதான் லா. நம்ம ஒரு லோரிக்காக ஈப்போலருந்து ஆளு அனுப்பிட்டான் பாரு!"

நட்சத்திரம் ஐந்தையும் அவரே போட்டுவிட்டார்.