கோமதிநாயகம் வண்டியில் ரெண்டு விரல் இடம்

செவ்வாய்க்கிழமை காலை பட்டறையில் ஒரு லோடு ஆட்டோவுக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தேன். லைட் செட் இசக்கி போன் செய்தான். "மைதீன் அண்ணாச்சி, நம்ம கோமதிநாயகம் அண்ணாச்சி போயிட்டாரு. கொடை முடிஞ்சு வாரப்ப, வாசுதேவநல்லூர் தாண்டி, வண்டியிலயே..." என்றான். நான் கேட்ட முதல் கேள்வி, "முன் வீலு எப்படிலே இருக்கு?"

இசக்கி போனை வைத்துவிட்டான். சாயங்காலத்துக்குள் அந்தக் கேள்வி சங்கரன்கோவில் முழுக்கப் பரவிவிட்டது. "மனுசன் செத்துக் கெடக்கான், இந்த ஆளு வீலைக் கேக்கான்" என்று டீக்கடையில் பேசினார்களாம். பேசட்டும். கோமதிநாயகத்தைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுற்று வட்டாரத்தில் எந்த ஊரில் அம்மன் கொடைத் திருவிழா என்றாலும் சாமி ஊர்வலம் வருகிற சப்பரம் அவருடைய பிக்கப்பில்தான் போகும். முன்பெல்லாம் தெருவுக்குக் குறுக்கே கிடக்கிற வயர்களைக் கவைக்கம்பால் தூக்கிவிட ஓர் ஆள் சப்பரத்தின் மேலேயே நிற்பார். ஒரு கொடையில் அப்படி நின்றவர் கால் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். கோமதிநாயகம்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "இனிமே சப்பரத்து மேல ஒருத்தன் ஏறக்கூடாது. வயரு ஒசராதுன்னா வண்டி தாழட்டும்" என்றார். அதோடு வண்டியைத் தாழ்த்திவிட்டார்.

தாழ்த்தியது வேறொரு பட்டறையில். வண்டியின் பாரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டைகளில் சிலவற்றை உருவி எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். உயரம் குறைந்தது, கூடவே பலமும் குறைந்தது. கேபினுக்குப் பின்னால் ஜெனரேட்டரை ஏற்றியதும் முன்பக்கம் கும்பிடு போட ஆரம்பித்தது. குழியில் இறங்கினால் டயர் போய் மட்கார்டில் உரசும். அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தார். வந்ததும் நான் ஏசினேன். நான் கோபக்காரன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. "தாழ்த்துததுன்னா பட்டையை உருவுததா வே? உம்ம முதுகெலும்புல நாலை உருவிட்டு நடந்து பாரும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏசி முடிச்சிட்டு வேலையைப் பாரும். எனக்கு அவசரம் இல்ல" என்றார்.

நான் கெட்டிப் பட்டைகளாகச் செய்து போட்டேன், வளைவைக் குறைத்து, உயரம் ஏறாதபடி. ஜெனரேட்டர், சப்பரம், அம்மன், பூசாரி என்று எல்லாவற்றையும் கோயில் வாசலில் ஏற்றவைத்து அளந்தும் பார்த்தேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ரெண்டு விரல் தாராளமாக நுழைந்தது. "இந்த ரெண்டு விரல் இருக்கிற வரைக்கும் உம்மை யாரும் அசைக்க முடியாது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தக் கொடை நடந்தது இளையரசனேந்தல் பக்கத்துக் கிராமத்தில். மூன்றாவது தெரு முக்கில் வண்டி திரும்ப மறுத்துவிட்டது. டயர் மட்கார்டில் சிக்கிக்கொண்டது.

எங்கே தப்பு என்று எனக்கு விளங்கவே இல்லை. அவர் போனில் சொன்னார். "வே, நீரு சாமியை எடை போட்டீரு. சனத்தை எடை போடலையே." வீட்டுக்கு வீடு சப்பரம் நிற்கும், வீட்டுக்கு வீடு மாலை விழும். நூறு வீடு தாண்டினால் நூறு மாலை. தண்ணீர் தெளித்து நனைந்த மாலைகள் வேறு, கூடவே வாழைத்தார், தேங்காய். ஒரு வீட்டு மாலையைப் பாதி வழியில் இறக்கிவைத்தால் அந்த வீட்டுக்காரர் அடுத்த கொடை வரைக்கும் பேசமாட்டார். கோமதிநாயகம் ஒரு மாலையைக்கூட இறக்கவில்லை. ஜெனரேட்டரை இறக்கி ஒரு டிராக்டரில் ஏற்றி, வயரை நீட்டிவிட்டு, மிச்சத் தெருவையும் சுற்றி முடித்திருக்கிறார். என் மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. எனக்குத்தான் வெட்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாம் தடவை அவரே ஒரு நனைந்த மாலையைப் பூ மார்க்கெட் தராசில் நிறுத்துக்கொண்டு வந்தார். எந்த ஊரில் எத்தனை வீடு என்பது அவருக்கு மனப்பாடம். அந்தக் கணக்குக்கு மணல் மூட்டை ஏற்றி, இன்னும் கெட்டியான பட்டை போட்டேன். தாழ்ந்த வண்டிக்கு ஏற்றபடி நீளம் குறைந்த ஷாக் அப்சார்பரும் மாட்டினேன். ஓட்டிப் பார்க்கலாம் என்றால் அவர் ஸ்டியரிங்கில் உட்காரவில்லை. பின்னால் ஏறி, சப்பரம் இருக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். "சாமி இருக்கிற எடத்துல உக்காந்தாதான்வே சாமிக்கு இடுப்பு வலிக்கா இல்லையான்னு தெரியும். நீரு ஓட்டும்" என்றார். ராஜபாளையம் ரோட்டில் பஸ்ஸில் போனவர்கள் அவரைப் பார்த்துக் கும்பிட்டுச் சிரித்தார்கள். அவரும் கையை உயர்த்தி எல்லோருக்கும் அருள் கொடுத்துக்கொண்டே வந்தார்.

வண்டியை ஒப்படைத்தபோது ஒன்று சொன்னேன். புதுப் பட்டை கொஞ்ச நாளில் படிந்து உட்காரும். அப்போது அதை அச்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிற போல்ட்டுகளின் நட்டுகள் இளகும். ரெண்டு கொடை ஓடியதும் வந்து அந்த எட்டு நட்டையும் முடுக்கிவிட்டுப் போக வேண்டும். முடுக்கியதும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டால், கோடு விலகினால் நட்டு கழலுகிறது என்று தெரிந்துவிடும். முடுக்காமல் விட்டால் அச்சு ஒரு நாள் இடம் மாறிவிடும், வண்டி ரோட்டைவிட்டு ஓடிவிடும்.

அவர் வரவில்லை. கொடை சீசன். போன் செய்தால், "நாளைக்கு வாரேன் வே" என்பார். ரெண்டு கொடை நாலாகி, நாலு ஆறாகியும் வரவில்லை. ஒரு நாள் எனக்குத் தலைக்கேறிவிட்டது. "வராட்டா போம். அந்த வண்டியிலயே செத்துத்தான் போவீரு" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அதுதான் நான் அவரிடம் பேசிய கடைசி வார்த்தை. மூன்று வாரம் கழித்து இசக்கியின் போன் வருகிறது, "வண்டியிலயே" என்று. நான் வேறு எதைக் கேட்பேன், சொல்லுங்கள்.

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அச்சு முறிந்து வண்டி வாய்க்காலில் கிடப்பது போலவே கண்ணுக்குள் ஓடியது. என் வாய் கொன்றதா, என் கை கொன்றதா என்று தெரியவில்லை. வாசுதேவநல்லூர் தாண்டியதும் ஒரு புளியமரத்து நிழலில் வண்டி தெரிந்தது. ஒரு கீறல் இல்லை. சக்கரம் நேராக, ரோட்டை விட்டு அளந்து இறங்கி நின்றது. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. இண்டிகேட்டர் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நேராக வண்டிக்கு அடியில் புகுந்தேன். "என்ன அண்ணாச்சி பண்ணுதிய?" என்று இசக்கி அழுதுகொண்டே கேட்டான். எட்டு நட்டுகளையும் தடவிப் பார்த்தேன். எட்டும் கல் போல இறுகியிருந்தன. எட்டிலும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. சப்பரத்துக்கு அடிக்கிற அதே சிவப்புப் பெயின்ட். ஒரு கோடுகூட விலகவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு மனிதன் இறந்து கிடக்கிற வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு நிம்மதிப்பட்டேன். அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. பிறகுதான் அழுகை வந்தது.

இசக்கி பக்கத்து சீட்டில்தான் இருந்திருக்கிறான். "நெஞ்சு கரிக்குலே, ஓரமா நிப்பாட்டுதேன்" என்றாராம். நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருக்கிறார். மாரடைப்பு. கூட வந்தவர்களில் ஒருவருக்கும் நகக்கீறல்கூடப் படவில்லை.

மறுநாள் அவரை அவருடைய வண்டியிலேயே ஏற்றினார்கள். இசக்கி ஓட்டினான். அவர் சப்பரம் ஓட்டிய ஊர்களெல்லாம் வந்திருந்தன, ஒவ்வொன்றும் மாலையோடு. வழியிலும் வீட்டுக்கு வீடு வண்டியை நிறுத்தி மாலை போட்டார்கள். ஒன்றைக்கூட இறக்கக்கூடாது என்று இசக்கி சொல்லிவிட்டான். எல்லோரும் அவரைப் பார்த்து அழுதுகொண்டு நடந்தார்கள். நான் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சுடுகாட்டு வாசலில் கடைசி மாலையும் விழுந்த பிறகு குனிந்து கையை விட்டேன். ரெண்டு விரல் நுழைந்தது.

எட்டாம் நாள் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி செண்பகம் என் முன்னால் ஒரு சின்னப் பெயின்ட் டப்பாவை வைத்தார். உள்ளே ஒரு தீக்குச்சி சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. "நீங்க ஏசுன அன்னைக்கே முடுக்கிட்டாவ அண்ணாச்சி. அவ்வோளே அடியில படுத்து முடுக்கி, கோடும் போட்டுட்டுத்தான் சாப்பிட வந்தாவ. மைதீன்கிட்டச் சொல்லிருங்கன்னேன். சொன்னா ஏச்சு நின்னுருமேட்டி, இன்னும் ரெண்டு வாங்கிக்கிடுதேன்னு சிரிச்சாவ" என்றார்.

அந்த டப்பா இப்போது என் டூல் பெட்டியில் இருக்கிறது. தாழ்த்தின வண்டி எது வந்தாலும் நட்டை முடுக்கி, அதே தீக்குச்சியால் கோடு போட்டு அனுப்புகிறேன். "நாளைக்கு வாரேன்" என்று போக்குக் காட்டுகிறவர்களை இன்றும் ஏசத்தான் செய்கிறேன், ஏசாமல் என்னால் இருக்க முடியாது. செத்துப் போவீரு என்று மட்டும் சொல்வதில்லை.