சுவரில் பாபு வைத்த இலை

போஸ்டர் கலர் உள்ளங்கையில் பட்டதும் ஜில்லென்றிருக்கும், காய்ந்த பிறகு தோலைப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்பு பிடிக்காமல் என் தம்பி பாபு கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆவடியில் நாங்கள் "குவார்ட்டர்ஸ்" பிள்ளைகள். பக்கத்துப் பள்ளியில் நான் நாலாவது, அவன் ஒண்ணாவது. "டிராயிங் மிஸ்" வராந்தாச் சுவரில் பெரிய மரம் ஒன்றை வரைந்து, சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கைகளைப் பச்சையில் தோய்த்து இலைகளாகப் பதிக்க வைத்தார். பாபுவுக்கு எட்டியது கீழ்க்கிளையின் நுனிதான். ஆனால் அன்று முதல் மரமே தன்னுடையது என்பதுபோல வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டுவான். எனக்கு மானம் போகும்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு பாபு போய்விட்டான். இதை வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

வேப்பம்பட்டிலிருந்து வந்திருந்த அத்தை, "புள்ளை சாமான் கண்ணு முன்னாலயே கீது, பெத்தவ எப்டி தேறுவா? எல்லாத்தையும் எட்த்துக்கினு போயி ஏரில உட்டுடு" என்று அப்பாவிடம் சொன்னாள். சின்னப் பிள்ளை தவறிவிட்டால் எங்கள் உறவில் அப்படித்தான் செய்வார்கள். சட்டை, பை, செருப்பு, கிறுக்கிய சிலேட்டு எல்லாம் போயின.

"தம்பி கை செவுத்துல இருக்குல்ல?" என்று பள்ளி விட்டு வந்ததும் அம்மா தினமும் கேட்பாள். "இருக்கும்மா" என்பேன். நடக்கத் தெம்பு வந்ததும் போய் அதை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவள் மறுபடி சோறு தின்ன ஆரம்பித்தாள். அவள் வரப்போவதை அப்பா பள்ளியில் முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

போனோம். கீழ்க்கிளையின் நுனியில் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது, சிவந்த மூக்கோடு. முந்தின நாள் சாயங்காலம் மிஸ் அதை அங்கே வரைந்திருந்தார்.

"பாத்தா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்மா..." என்ற மிஸ்ஸின் கண்களும் கலங்கியிருந்தன. அத்தைக்குத் தோன்றியதுதான் அவருக்கும் தோன்றியிருக்கிறது, யாரைக் கோபித்துக்கொள்வது? அம்மா நகத்தால் கிளியை லேசாகச் சுரண்டினாள். அடியிலும் அதே பச்சை. எது இறகு, எது விரல் என்று பிரிக்க முடியவில்லை. "கிளி நல்லா இருக்கு மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்தவள், கேட்டைத் தாண்டியதும் தரையில் உட்கார்ந்து கதறினாள். பாபுவைத் தூக்கிப் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

இப்போது அந்த வராந்தா இல்லை. இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். மரமும் கிளியும் எந்தப் பள்ளத்தை நிரப்பப் போயினவோ. பாபுவின் படமென்று எங்களிடம் மிஞ்சியது வகுப்பு "குரூப் போட்டோ" ஒன்றுதான். எல்லாப் பிள்ளைகளையும் போல அதில் அவனும் கைகட்டி நிற்கிறான், உள்ளங்கை தெரியாது.

போன வாரம் முகப்பேர் பள்ளியிலிருந்து என் மகன் சார்ட்டில் தன் கையைப் பதித்துக் கொண்டுவந்தான். அம்மா அதை வாங்கி மடியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாபு கை இதைவிடச் சின்னதா இருந்துச்சா, பெருசா?"

"இதே அளவுதாம்மா" என்றேன். எனக்கு நினைவில்லை.